மான் தாண்டிய வரப்பு

அந்தக் கோடையில் எல்லோருடைய துண்டிலும் மான் இறங்கியது, பூசணியக்காவின் துண்டைத் தவிர. அவளுடைய கைராசி என்று சிலர் சொன்னார்கள். கைராசியாவது ஒன்றாவது! எல்லாம் முடி செய்த வேலை. அவள் புருஷன் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். ஊர்த் தலைகளிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் தினமும் சாயங்காலம் ஒரு சாக்கில் கூட்டி அள்ளிக்கொண்டு வருவார். அதை அவள் வரப்பு நெடுக ஒரு சாண் அகலத்துக்குப் பரப்பிவிடுவாள். மனுஷ வாடை அடித்தால் மான் கிட்டே வராது.

துண்டு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் நகராட்சிக்குச் சொந்தமான நிலம் சும்மா கிடந்தது. மாடிக் குடியிருப்புகளில் பிடி மண்கூட இல்லாமல் வாழ்கிறவர்கள் காய்கறி போட்டுக்கொள்ளட்டும் என்று அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். துண்டுக்குத் துண்டு ஒரு வரப்பு, மூலைக்கு ஒரு தகரக் கொட்டகை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். குழாயடியில்தான் ஊர்வம்பு அத்தனையும் நடக்கும். சலூன்காரர் மனைவிக்குப் பூசணியக்கா என்று பெயர் வைத்ததும் அங்கேதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பூசணிகள் அப்படி. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

பக்கத்துத் துண்டு மீட்டர்காரருடையது. மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

“என் துண்டுல மான் மேயுது. உங்க துண்டுக்கு ஊரே காவல் நிக்குது. இது என்னக்கா நியாயம்?” என்பார்.

“நீங்களும் வேணுங்கறத அள்ளிக்கிட்டுப் போங்கண்ணே. நானா வேண்டாம்னேன்?”

“கொடுத்தீங்களே ஒரு கைப்பிடி. அத வச்சு ஒரு மீசைகூட ஒட்ட முடியாது.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். வாரி வழங்குகிற கை இல்லை அவளுக்கு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த வருஷம் யாருக்குமே வாரி வழங்குகிற நிலைமை இல்லை. மழை வருகிற மாதிரி வானம் இருட்டிக்கொண்டு வரும், வராது. தக்காளி அடிப்பக்கம் கறுத்துப்போய் அழுகியது. வெள்ளரி பாகற்காயாகக் கசந்தது. பறவைகள் செங்காய்த் தக்காளியில் ஒரு கொத்துக் கொத்திச் சாற்றை மட்டும் குடித்துவிட்டு அடுத்த காய்க்குத் தாவின. பசியில்லை அது, தாகம். அணில்கள் தண்ணீர்க் குழாயையே கடித்துப் போட்டன. வெயில் ஏறுவதற்குள் தேனீக்கள் கூட்டுக்குள் போய் அடைந்துகொண்டன. அதனால் பூசணியக்கா விடிந்ததும் ஓடிவந்து ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து எறிந்துவிட்டு, மகரந்தக் காம்பைப் பெண் பூவுக்குள் விட்டுத் தானே தடவிவிடுவாள். “பூச்சி செய்ய வேண்டிய வேலையெல்லாம் என் தலையில விடிஞ்சிருக்குது” என்று புலம்பல் வேறு.

மான்கள்தான் எல்லோரையும் பயமுறுத்தின. மலையில் சுனை வற்றிவிட்டது, இறங்கி வருகின்றன, அது புரிந்தது. ஆனால் பட்டப்பகலில் வந்தன. வந்து மேட்டில் வரிசையாக நின்று, கீழே வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கல்லை விட்டெறிந்தால் ஓடவில்லை. விழுந்த கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி ஆளைப் பார்த்தன. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. சாயங்காலம் ஆட்கள் கிளம்பினதும் இறங்கித் தின்றன.

பூசணியக்காவின் வரப்பில் முதல் தடவை குளம்புத் தடம் விழுந்தபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாண்டி வந்து அவரையைக் கடித்துவிட்டுப் போயிருந்தன. அந்த இடத்தில் அவள் முந்தின நாள் போட்டது கடை முடி இல்லை. சலூன்காரர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு வீட்டுக்கே போய் முடி வெட்டிவிடுவார். அந்த வீடுகளில் முடியைத் தரையில் விட்டுவைக்க விரும்ப மாட்டார்கள். அதனால் ஒரு வெள்ளைக் காகிதப் பையில் தனியாகக் கொண்டுவருவார். அன்றைய பை ஓய்வுபெற்ற தபால்காரருடையது. அந்த வாரமே தபால்காரர் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து ஜவுளிக்கடை முதலாளி. அவர் முடி கிடந்த இடத்தில் சரியாக மிதித்து வந்து கத்திரிச்செடியை மொட்டையடித்துவிட்டுப் போயின. இரண்டு பக்கமும் கடை முடி கிடந்தது. அதை ஒரு குளம்பும் தொடவில்லை. ஜவுளிக்கடை ஷட்டரில் கறுப்புத் துணி தொங்கியபோது பூசணியக்கா நடுத்தெருவில் நின்று நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

மூன்றாவது வாட்ச் ரிப்பேர்காரர். அவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ என்றார்கள். அந்தப் பையை அவள் பயந்துகொண்டேதான் கொட்டினாள். மறுநாள் வந்து பார்த்தால் மான்கள் வரப்பு வரைக்கும் வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தன. அடுத்த வாரம் வாட்ச் ரிப்பேர்காரர் கடையைத் திறந்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டது. பூசணியக்காவுக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அதோடு வீட்டில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. மகள் வந்திருந்தாள், நிறைமாசம். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், அவன் கரை இறங்கக் குளிர்காலம் ஆகும். மூன்றாவது மாடி வீடு, மேற்குச் சுவர் ராத்திரி வரைக்கும் கொதிக்கும். மகள் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

“அப்பா, முடிய வெட்டி விட்டுடுங்க. கழுத்தெல்லாம் வேகுது.”

இடுப்பைத் தாண்டிய கூந்தல். சலூன்காரர் சீப்பை எடுத்தார், வைத்தார். துணியைப் போர்த்தினார், எடுத்தார்.

“குழந்தை பொறக்கட்டுமேம்மா.”

“அதுவரைக்கும் நான் வெந்துடுவேன்.”

“ஊரான் தலையெல்லாம் கண்ண மூடிக்கிட்டு வெட்டறீங்க. பொண்ணு தலைன்னா கை வரலையாக்கும்?” என்றாள் பூசணியக்கா.

கழுத்தோடு வெட்டினார். மகள் தலையை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயசில் இருந்த முகம் திரும்பி வந்திருந்தது. தரையில் கிடந்ததை அம்மா இரண்டு கையாலும் அள்ளினாள். கனமாக இருந்தது.

“அத என்னம்மா பண்ணப்போற?”

“மேட்டுப்பக்கத்து வரப்புல போடப்போறேன். இவ்வளவு முடி இருந்தா ஒண்ணும் அண்டாது.”

“அடிப்பாவி, என்னைக் கொண்டுபோய் உன் பூசணிக்குக் காவல் வைக்கறியா?”

அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தபால்காரரும் ஞாபகம் வரவில்லை, ஜவுளிக்கடைக்காரரும் ஞாபகம் வரவில்லை. பெற்ற பெண்ணின் கூந்தல், அதிலிருந்த பெருமைதான் கையில் கனத்தது. அதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் விடிந்ததும் துண்டுக்குப் போனாள். மேட்டுப்பக்கத்து வரப்பில் முந்தின சாயங்காலம் பரப்பிய முடி கலைந்து கிடந்தது. தாண்டிப் போகவில்லை, அதன் மேலேயே ஒரு மான் படுத்து எழுந்திருக்கிறது. வயிறு அழுந்திய குழி, மடக்கிய கால்களின் தடம், எல்லாம் அச்சாகத் தெரிந்தது. முடி அந்தக் குழியைச் சுற்றி வளையமாக ஒதுங்கியிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். மண் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர்ந்தால் மேட்டில் அவை நின்றன. எல்லாம் அவளைத்தான் பார்த்தன. அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?” மீட்டர்காரர் வாளியோடு வந்தார். எட்டிப் பார்த்தார். “அட, மெத்தை போட்டுக் கொடுத்திருக்கீங்களே!”

“ஏண்ணே இங்க மட்டும் வந்துச்சு?”

“யார் முடி?”

“எம்பொண்ணோடது.”

“ஷாம்பு போட்ட முடியா இருக்கும். வாசனையா இருந்திருக்கும். மனுஷ வாடை எங்க இருக்கும் அதுல? அதுவும் இந்த வெயிலுக்கு.” அவர் சமாதானமாகச் சொல்லிவிட்டுத் தன் பாகலைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு என்ன, பாகலைத்தான் மானும் தொடவில்லையே.

பூசணியக்கா தண்ணீர் விடவில்லை. அந்த வருஷத்தில் அவள் தண்ணீர் விடாமல் போனது அன்றைக்குத்தான். நேராகச் சலூனுக்கு நடந்தாள்.

அதற்குள் வெயில் ஏறியிருந்தது. கடையில் ஆள் இல்லை. சலூன்காரர் சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். எதிரெதிராக மாட்டிய கண்ணாடிகளில் அவர் உருவம் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. மின்விசிறி சூட்டையே திருப்பித் திருப்பித் தள்ளியது. பவுடர் வாசனையும் படிகாரத்தின் புளிப்பும் கலந்து அடித்தன. மனைவி வாசலில் நிற்பதைக் கண்ணாடியில் பார்த்துப் பதறி எழுந்தார்.

“வலி வந்துடுச்சா?”

“இல்ல. உட்காருங்க.”

எல்லாவற்றையும் சொன்னாள். தபால்காரர், ஜவுளிக்கடைக்காரர், வாட்ச் ரிப்பேர்காரர், காலையில் பார்த்த குழி. அவர் கேட்டுக்கொண்டே சீப்புகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினார்.

“நான் வீட்டுக்குப் போய் வெட்டறதே எழுந்திரிக்க முடியாதவங்களுக்குத்தான். அவங்க சாகாம, நீயும் நானுமா சாவோம்? அவங்க தலையில இருந்ததே ரெண்டு முடி, அத மட்டும் போட்டா மான் ஏன் வராது? வெயில்ல உனக்கு மண்ட காய்ஞ்சிருக்குது.”

“அப்ப வாட்ச் ரிப்பேர்காரர்? அவருக்கும் அதே ரெண்டு முடிதானே? அங்க ஏன் திரும்பிப் போச்சு?”

அவர் சுத்தமாக இருந்த சீப்பை மறுபடி துடைத்தார்.

“ஆஸ்பத்திரியில எல்லாம் நல்லா இருக்குதுன்னுதானே சொன்னாங்க” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“சொன்னாங்க. எனக்குத்தான் ஈரக்கொலை நடுங்குதுங்க. அவ ஒருத்திதான் நமக்கு.” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள். “எழுந்திரிங்க. எனக்கு வெட்டுங்க.”

“எவ்வளவு?”

“மொத்தமும்.”

எதற்கென்று அவர் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திட்டியிருக்கலாம், பைத்தியமா உனக்கு என்று கத்தியிருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் கத்துவார். கதவைச் சாத்தினார். வெள்ளைத் துணியை உதறி அவள் மேல் போர்த்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“வெயிலுக்கு நல்லதுதான்” என்றார், கத்திரியை எடுத்துக்கொண்டு.

“ஆமா. மகளும் கேட்டா அதையே சொல்லுங்க.”

நரையும் கறுப்புமாக மடியில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தாள். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் வேலையை முடித்துவிட்டு, ஒரு மயிரிழை விடாமல் கூட்டினார். கடைச் சாக்கு கதவோரமாகத் திறந்தே கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளைக் காகிதப் பையை எடுத்து அதில் போட்டு மடித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அவள் மகளுடைய முடியை மண்ணிலிருந்து சீப்பால் வாரி எடுத்தாள். காய்ந்த இலை, சருகு, எல்லாம் பொறுக்கிக் களைந்தாள். பள்ளத்துப் பக்கம், வறண்ட ஓடையைப் பார்த்த வரப்பில் அதைப் பரப்பினாள். அந்தப் பக்கமாகவும் மான் வரும், வாட்ச் ரிப்பேர்காரருக்குத் திரும்பின மாதிரி இதற்கும் திரும்ப வேண்டும். மேட்டுப்பக்கத்தில், அந்தக் குழியை மண் போட்டு மூடிவிட்டு, தன் முடியைப் போட்டாள்.

மேட்டில் அவை வந்து நின்றிருந்தன.

“இங்க வாங்க” என்றாள். சத்தமாகவே சொன்னாள். “அந்தப் பக்கம் போகாதீங்க. இங்க வாங்க.”

வீட்டுக்குப் போனபோது மகளுக்கு வலி ஆரம்பித்திருந்தது. அவளுடைய தலையைப் பார்த்து மகள் வலியிலும் ஒரு சிரிப்புச் சிரித்தாள். “அய்யோ அம்மா, என்ன கோலம் இது?” கீழ்வீட்டுக்காரர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நடந்ததைப் பூசணியக்கா பிறகு ஒருபோதும் முழுசாகச் சொன்னதில்லை. ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். யாராவது ஓடுவார்கள், கதவு திறக்கும், மூடும். டாக்டரம்மா வெளியே வந்து, “கஷ்டமாத்தான் இருக்குது, பாக்கறோம்” என்றாள். சலூன்காரர் சுவரைப் பார்த்து நின்றார். பூசணியக்கா பெஞ்சில் உட்கார்ந்து மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுடைய வாய், வாங்க, இங்க வாங்க என்று முணுமுணுத்தது. பக்கத்திலிருந்தவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டார்கள்.

வெளுக்கிற நேரத்தில் டாக்டரம்மா மறுபடி வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே, “பொழச்சுட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொம்பளப் புள்ள” என்றாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். தலை நிறைய முடி.

“எனக்கு ஒரு கஸ்டமர்” என்றார் சலூன்காரர். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

மகள் கண் திறந்து, தண்ணீர் கேட்டு, குடித்து, தூங்குவதைப் பார்த்த பிறகுதான் பூசணியக்கா கிளம்பினாள். “செடி வாடிக் கெடக்கும், ஒரு நடை போயிட்டு வந்துடறேன்” என்றாள்.

துண்டில் யாருமில்லை. முதலில் பள்ளத்துப் பக்கம் போனாள். குளம்புத் தடங்கள் ஓடையிலிருந்து ஏறி, மகளுடைய முடி வரைக்கும் வந்திருந்தன. அங்கே நின்று, மண்ணை மிதித்துக் குழப்பி, திரும்பிப் போயிருந்தன. ஒரு இழைகூடக் கலையவில்லை. அவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு மேட்டுப்பக்கம் போனாள். அங்கே போட்ட நரைமுடி மண்ணுக்குள் மிதிபட்டுக் கிடந்தது. ஒன்று இரண்டு இல்லை, மந்தையே அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. அவரை போச்சு, கத்திரி போச்சு, பூசணிக்கொடியில் தளிர் மிச்சமில்லை. பெரிய காய்கள் மட்டும் கடிபடாமல் கிடந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. “சரி” என்றாள். வேறு என்ன சொல்ல? கொட்டகையிலிருந்து பல் வைத்த வாருகோலை எடுத்துவந்து தடங்களையெல்லாம் அழித்தாள். முடியை மண்ணோடு சேர்த்துக் கிளறி மூடினாள். மூடி முடிக்கையில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சலூன்காரர். அவர் துண்டுக்கு வந்தால் கொட்டகை வாசலில் சாக்கை வைத்துவிட்டுப் போகிறதோடு சரி, உள்ளே கால் வைத்தவர் இல்லை. அன்றைக்கு வரப்பைத் தாண்டி உள்ளே வந்தார்.

“அவ தூங்கறா. நர்ஸ் பக்கத்துல இருக்குது.” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “ஏதாவது வந்துச்சா?”

“ஒண்ணும் வரலைங்க.”

அவர் மொட்டையாக நின்ற அவரைப் பந்தலைப் பார்த்தார். வாருகோலின் பல்லில் சிக்கியிருந்த நரையைப் பார்த்தார். ஊர்த் தலையெல்லாம் கைபட்ட மனுஷன், யாருடைய முடி என்று அவருக்குத் தெரியாதா?

அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். செம்பை அவரிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. பூசணிக்கு நீங்க விடுங்க.”

“நானா? எனக்கென்ன தெரியும்?”

“தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன். வேர்ல விடணும், எலையில படக்கூடாது. வெயில் ஏறினப்பறம் விடவே கூடாது. சாயங்காலம் விட்டீங்கன்னா நத்தை வரும். ஆண் பூ எது, பெண் பூ எதுன்னு நாளைக்குக் காட்டறேன்.”

“எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீதான் இருக்கியே.”

“இருக்கேன். இருந்தாலும் கத்துக்கோங்க.”

அவர் செம்பை வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து, வாளியில் மொண்டு, இலை மேலேயே ஊற்றினார்.

“எலையில படக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்!” என்று கத்தினாள் பூசணியக்கா. “கொஞ்சமாவது காதுல வாங்கறீங்களா? குனிங்க. இன்னும் கீழ. வேர்ல விடுங்க.”

அவர் மண்டி போட்டு உட்கார்ந்து, மறுபடி மொண்டார்.